சாம்பல் டேக்

என் கடையில் கல்லாப் பெட்டிக்கு மேலே ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஒரு டேக் தொங்குகிறது. பள்ளிப் பிள்ளைகள் ஐ.டி. கார்டு மாட்டிக்கொள்ளும் நாடா. கார்டு கிடையாது, நாடா மட்டும். சாம்பல் நிறம். கொக்கி துருப்பிடித்துவிட்டது. பந்து வாங்க வருகிறவர்களும் ஷட்டில் பேட்டுக்கு நரம்பு கட்ட வருகிறவர்களும் அதைப் பார்த்துவிட்டு, "என்ன சார், சாமி கயிறா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்கம் சொல்லப் போனால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் வியாபாரம் கெடும். போன வாரம் என் தங்கச்சி மகள் அதைப் பற்றிக் கேட்டாள். பிறகு ஒரு வார்த்தை சொன்னாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்த வார்த்தையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த டேக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்ற மனுஷியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடை வைப்பதற்கு முன்னால் நான் பி.டி. சார். திண்டுக்கல்லுக்கு வெளியே, முருங்கைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தனியார் பள்ளிக்கூடம். விடுதியும் உண்டு. கால அட்டவணையில் என் பீரியட் இருக்கும், மைதானத்தில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். கணக்கு சார் வாங்கிக்கொள்வார், அவர் விட்டால் கெமிஸ்ட்ரி மிஸ். நான் பந்துகளுக்குக் காற்றடித்து வைப்பேன். அது தானாக இறங்கும். மறுபடி அடிப்பேன். என் விசில் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதற்குத்தான் பயன்பட்டது. அந்தப் பள்ளியில் என்னைப் போலவே யாருக்கும் தேவைப்படாத இன்னோர் ஆள் தமிழ் மிஸ். டாக்டருக்குப் படிக்கத் தமிழ் மார்க் வேண்டாம், இன்ஜினியருக்கும் வேண்டாம். அதனால் அவர் பீரியடையும் பிடுங்குவார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் மட்டும் மிஞ்சும், அந்த நேரத்தில் பிள்ளைகள் தூங்கி வழியும் என்று யாரும் கேட்காததால்.

ஆசிரியர் அறையில் மார்க்கைத் தவிர வேறு பேச்சு கிடையாது என்று அவர் என்னுடைய ஸ்போர்ட்ஸ் ரூமுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். வலையும் ஸ்டம்பும் கிழிந்த பாயும் கிடக்கும் இருட்டு அறை. அதில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வறுத்த நிலக்கடலையை ஒவ்வொன்றாக உரித்து வாயில் போட்டுக்கொண்டு, மிச்சமான விடைத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவார். நாற்பது வயதிருக்கும். சிரித்தால் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். என்ன எழுதுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"கதை சார். நம்ம பத்தாவது, பிளஸ் ஒன் பிள்ளைங்களுக்கு."

"பாடத்துல இருக்கிற கதை பத்தாதா மிஸ்?"

"இங்கிலீஷ்ல அதுங்க வயசுக்குன்னு எம்புட்டோ இருக்கு. உலகம் கெட்டுப் போயிருச்சு, பெரியவங்க சேர்ந்து கெடுத்துட்டாங்க, பிள்ளைங்க எப்படித் தப்பிக்கும்னு எழுதுறாங்க. அதுங்களும் விழுந்து விழுந்து படிக்குதுங்க. தமிழ்ல என்ன இருக்கு? ஒண்ணு முயல் கதை, இல்லாட்டி கல்யாணக் கதை. நடுவுல இருக்கிறதுங்க எங்க போகும்?"

"பயங்காட்டப் போறீங்களா?"

"பேய்க்கதைக்கு அதுங்க பயப்படாது சார். மனுசக் கதைக்குப் பயப்படும்."

அவர் அய்யலூர்க்காரர். அப்பா ஆட்டு வியாபாரி. சின்ன வயதில் அப்பாவோடு வாரச் சந்தைக்குப் போவாராம். அங்கே ஆடு வாங்கியவன் தன் ஆடு என்று தெரிவதற்காக அதன் முதுகில் சாயத்தைத் தடவிவிடுவான். ஒருவன் சிவப்பு, ஒருவன் நீலம், ஒருவன் பச்சை. "கலர் பட்ட ஆடு எங்க போகும்னு அப்பாகிட்டக் கேட்டேன் சார். அப்பா பதில் சொல்லல, டீ வாங்கிக் குடுத்தாரு" என்றார். அவருடைய கதை அங்கேதான் பிறந்தது. மழை நின்றுபோன காலம். ஒரு பாறை மலை, அதைச் சுற்றி மதில் போட்ட ஊர். நம் திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்தவன் எவனுக்கும் அந்த ஊர் எது என்று தெரிந்துவிடும். தண்ணீர் முழுக்கப் பாறை உச்சியில் பூட்டிக் கிடக்கிறது. பதின்மூன்று வயதானதும் பிள்ளைகளைத் தரம் பிரித்துக் கழுத்தில் துணி கட்டுகிறார்கள். நீலம் கெட்டிக்காரர்களுக்கு, மஞ்சள் சுமாரானவர்களுக்கு, சாம்பல் உதவாதவர்களுக்கு. நீலம் முதலில் சாப்பிடும், சாம்பல் கடைசியில். நீலத்தோடு சாம்பல் பேசக் கூடாது. யார் நிறம் மாறியது என்று காலையில் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அறிவிப்பார்கள். மீறினால் ராணுவம் வரும். கதையின் நாயகி சாம்பல் துணி கட்டிய, ஆடு மேய்க்கிற ஒரு பெண்.

புத்தகத்தின் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே எவனாவது வாங்கிப் படித்துவிட்டு இன்னொரு பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிடுவான்.

எழுத எழுத, அத்தியாயம் அத்தியாயமாக வெள்ளிக்கிழமைகளில் பத்தாம் வகுப்புக்குச் சொன்னார். நான் வராண்டாவில் நின்று கேட்டிருக்கிறேன். தூங்கி வழிய வேண்டிய நேரத்தில் அந்த வகுப்பு அப்படி ஒரு விழிப்பில் இருந்ததை வேறு எந்தப் பீரியடிலும் நான் பார்த்ததில்லை. பெல் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். பஸ் போய்விடும் என்று நான்தான் விசிலடித்து விரட்டுவேன். ஓட்டன்சத்திரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, விடுதியில் இருந்தவள், என்னிடமே வந்து, "ஏனுங்க சார், அந்தப் புள்ள தப்பிச்சிருமுங்களா? நீங்க மிஸ்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்று கெஞ்சினாள். மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் கடலையை உரித்துக்கொண்டே, "முடிவு மட்டும் புத்தகம் வந்தப்புறம்தான். காத்திருக்கட்டும், அப்பத்தான் ருசி" என்றார்.

புத்தகம் வந்தது. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் யாராவது ஏதாவது சாதித்தால் முதலில் தாளாளர் கையில் கொடுத்து, சால்வை போட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளியின் முகநூல் பக்கத்தில் போடுவார்கள். தமிழ் மிஸ்ஸும் கொடுத்தார். தாளாளர் முன்பு போர்வெல் வண்டி ஓட்டிச் சம்பாதித்தவர். செக்கைத் தவிர எதையும் அவர் படித்து நாங்கள் பார்த்ததில்லை. புத்தகம் மேஜையில் தூசி தின்னும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். படித்துவிட்டார். மிஸ்ஸை வரச் சொல்லி ஆள் வந்தது. ஆசிரியர் அறையே வெளுத்துப் போனது. பள்ளிக்கூடத்தைத்தான் கதையாக எழுதியிருக்கிறார் என்று தாளாளர் கண்டுபிடித்துவிட்டார், இன்றோடு வேலை போச்சு என்று பேசிக்கொண்டார்கள். மிஸ் முகம் கழுவிக்கொண்டு போனார். நான் வாலிபால் வலை கேட்கிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

தாளாளர் எழுந்து நின்று வரவேற்றார். அவர் யாருக்கும் எழுந்து நான் பார்த்ததில்லை.

"டீச்சர், இம்புட்டு நாளா தமிழ் நடத்திக்கிட்டு வீணாப் போயிட்டீங்களே. உங்களுக்கு அட்மினிஸ்ட்ரேஷன் மூளை டீச்சர்!"

மிஸ்ஸுக்குப் புரியவில்லை. எனக்கும்.

"நீலம், மஞ்சள், சாம்பல். எம்புட்டு சிம்பிள்! பிள்ளைக நெத்தியில மார்க்க ஒட்ட முடியாது. கழுத்துல மாட்டிட்டா? பாத்த உடனே தெரியும். அடுத்த மாசமே பண்றோம். காலையில மைக்ல அனவுன்ஸ்மென்ட், சாப்பாட்டு வரிசை, எல்லாம் நீங்க எழுதுன மாதிரியே."

"சார், அது கதை சார்."

"நல்ல ஐடியா எல்லாம் மொதல்ல கதைதான டீச்சர்."

"அது தப்புன்னு சொல்றதுக்காக எழுதுனது சார். அப்படி ஒரு ஊரு வந்துரக் கூடாதுன்னு. முடிவு வரைக்கும் படிச்சீங்களா?"

"எங்க நேரம்? பாதி படிச்சேன். பாதியிலேயே எல்லாம் இருக்கே!" என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உமக்கு என்னய்யா?" என்றார். நான் வலையைப் பற்றிச் சொன்னேன். "வலை கெடக்கட்டும், கலர் கலரா டேக் எங்க சீப்பாக் கிடைக்கும்னு பாரும்" என்றார். நான் பார்க்கவில்லை. வேறு யாரோ பார்த்தார்கள்.

அடுத்த மாதம் வந்துவிட்டது. காலை வழிபாட்டுக்குப் பிறகு மைக்கில் பெயர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று வரிசை, சாம்பல் வரிசைக்கு வரும்போது சாம்பார் தண்ணீராகியிருக்கும், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் தீர்ந்திருக்கும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பிரித்தார்கள். அண்ணன் நீலம், தம்பி சாம்பல் என்று இரண்டு பேர் பஸ்ஸில் தனித்தனி சீட்டில் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. அவர்களாகவே உட்கார்ந்தார்கள். மிஸ் முடிவைச் சொல்வதற்குள் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் ரத்து. அதில் ஸ்லிப் டெஸ்ட், வாரா வாரம் நிறம் மாற்ற வேண்டுமே.

இதில் தமிழ் மிஸ்ஸைக் கொன்றது எது தெரியுமா? கதையைக் கேட்டிருந்தது அந்தப் பிள்ளைகள்தான். டேக் கைக்கு வந்த அன்றே, இது யாருடைய யோசனை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முடிவு அவர்களுக்குத் தெரியாது. பாதிக் கதைதான் தெரியும், தாளாளருக்குத் தெரிந்த அதே பாதி. போதாததற்குத் தாளாளரே மேடையில் ஏறி, "இந்தத் திட்டம் நம்ம தமிழ் மிஸ்ஸோட புத்தகத்துல இருந்து எடுத்தது, கைதட்டுங்க" என்றார். தட்டினார்கள். எங்கள் மேல் பரிசோதனை பண்ணிப் பார்த்திருக்கிறார், நாங்கள் எதற்குப் பயப்படுவோம் என்று வெள்ளிக்கிழமைதோறும் வேவு பார்த்திருக்கிறார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டன. அவர் வராண்டாவில் நடந்தால் பேச்சு நிற்கும். கரும்பலகையில் எவனோ ஒரு சாம்பல் துணியை வரைந்து, கீழே "நன்றி மிஸ்" என்று எழுதி வைத்திருந்தான். அவர் அதை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே பாடம் எழுதினார். அதன் பிறகு ஸ்போர்ட்ஸ் ரூமில் கடலை டப்பா திறக்கப்படவில்லை.

"முடிவை மட்டும் சொல்லிட்டாப் போதும் சார்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். "முடிவு தெரிஞ்சா நான் யாரு பக்கம்னு அதுங்களுக்குத் தெரிஞ்சிரும்." அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. வேலை வேண்டாம், பேர் வேண்டாம். அந்தப் பிள்ளைகள் தன்னை அந்தப் பக்கத்து ஆள் என்று நினைத்துக்கொண்டு போய்விடக் கூடாது. வகுப்பில் கதை என்று வாயெடுத்தாலே பிள்ளைகள் தலையைக் குனிந்து நோட்டில் எழுத ஆரம்பித்தன, அதனால் காலை வழிபாட்டில் பேசப் பிரின்சிபாலிடம் பத்து நிமிஷம் கேட்டார். சிலபஸ் முடியட்டும் என்றார்கள். புத்தகத்தை நூலகத்தில் வைக்கக் கேட்டார். பரீட்சை நேரத்தில் கதைப் புத்தகமா என்றார்கள்.

பெற்றோர் கூட்டம் வந்தது. பிள்ளைகளும் கூடவே உட்கார்ந்திருப்பார்கள். திட்டத்தைப் பற்றிப் பேச மிஸ்ஸை மேடைக்கு அழைத்தார் தாளாளர். அவர் மைக்கைப் பிடித்தார். கழுத்தில் ஒரு சாம்பல் டேக். எங்கேயோ வாங்கி மாட்டியிருந்தார். தாளாளர் அதைப் பார்த்து, விளம்பரத்துக்கு மாட்டியிருக்கிறார் என்று தலையாட்டினார். மிஸ் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக முடிவைச் சொன்னார். அந்த ஆடு மேய்க்கிற பெண் முதலில் தன் துணியை அவிழ்க்கிறாள். அடுத்தவள் அவிழ்க்கிறாள். மஞ்சள் அவிழ்க்கிறது, கடைசியில் நீலமும் அவிழ்க்கிறது. எல்லாத் துணியையும் முடிச்சுப் போட்டுக் கயிறாக்கிப் பாறை இடுக்கில் மூடிக்கிடந்த பழைய கிணற்றில் இறக்குகிறார்கள். தண்ணீர் வருகிறது. உச்சியில் பூட்டி வைத்தவனிடம் இனி யாரும் கையேந்த வேண்டியதில்லை. ராணுவம் வருவதற்குள் ஊரில் எல்லாக் கழுத்தும் வெறுங்கழுத்து. "இதைத்தான் நான் எழுதுனேன் பிள்ளைகளா" என்று முடித்தார்.

பலமாகக் கைதட்டினார்கள். ஒற்றுமையைப் பற்றி நல்ல பேச்சு என்று நினைத்திருக்கிறார்கள். முன்வரிசையில் ஒருவர், நன்றாக உடுத்தியவர், எழுந்தார். "ரொம்ப நல்லா சொன்னீங்க மேடம். எம்பையன் சாம்பல்ல இருக்கான். மஞ்சளுக்குக் கொண்டு வர எக்ஸ்ட்ரா கிளாஸ் எதுவும் வச்சிருக்கீங்களா?" பின்னால் இன்னொரு அம்மா, "ஏங்க, நீலத்துலயே மேல ஒரு கலரு வைக்கலாம்ல? எல்லா நீலமும் ஒண்ணாயிருமா?" என்றார். தாளாளர் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். மேடையில் நின்ற மிஸ்ஸின் முகத்தை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் சாவு வீட்டிலும் பார்த்ததில்லை.

அன்று மதியம் அவர் ஆசிரியர் மேஜைக்குப் போகவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சாம்பல் வரிசையின் கடைசியில் போய் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை, நானும் தட்டோடு அவர் பின்னால் நின்றேன். அவருக்கு முன்னால் நின்றவள் அந்த ஓட்டன்சத்திரத்துப் பெண், அந்தப் பிள்ளை தப்பிக்குமா என்று என்னிடம் கெஞ்சியவள். அவளுக்குச் சாம்பல்தான் விழுந்திருந்தது. மிஸ் அவள் தோளைத் தொட்டார். "முடிவைக் கேட்டியாம்மா?"

அவள் திரும்பினாள். முறைக்கவில்லை, திட்டவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள்.

"கேட்டனுங்க மிஸ். நீங்க இங்க நிக்காதீங்க. பாத்தாங்கன்னா எங்களைத்தான் இன்னும் லேட்டாக்குவாங்க."

மிஸ் வெறுந்தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஸ்போர்ட்ஸ் ரூமுக்கு வந்தார். டேக்கைக் கழற்றி, வலை தொங்கும் ஆணியில் மாட்டினார். "என் கதையில ஒரு தப்பு இருக்கு சார்" என்றார். "நான் ராணுவம் வச்சேன். துப்பாக்கி, மதில், பூட்டு எல்லாம் வச்சேன். ஒண்ணும் தேவைப்படல பாத்தீங்களா? அப்பா அம்மா போதும்." அந்த மாதத்தோடு நின்றுவிட்டார். வருஷக் கடைசியில் பி.டி. சார் தேவையில்லை என்று என்னையும் அனுப்பினார்கள். வெளியே வரும்போது என் விசிலையும் அந்த டேக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

கோபத்தை நான் யார் மேல் காட்டுவது என்று இன்றுவரை தெரியவில்லை. தாளாளர் மேலா? அவன் வியாபாரி, விற்கிறதைத்தான் விற்பான். அந்தப் பெற்றோர் மேல்தான் எனக்குக் கோபம். தன் பிள்ளை தண்ணீர்ச் சாம்பார் குடிக்கிறது என்று தெரிந்தும், அந்த வரிசையை எடுங்கடா என்று ஒருத்தன் சொல்லவில்லை. என் பிள்ளையை முன் வரிசைக்கு மாற்று என்றுதான் கேட்டான். இப்போது சுற்று வட்டாரத்தில் மற்றப் பள்ளிகளிலிருந்தும் என் கடைக்கு வருகிறார்கள். "அந்த ஸ்கூல்ல மாதிரி கலர் டேக் இருக்கா?" இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன். பக்கத்துக் கடையில் இருக்கிறது. அங்கே வாங்குகிறார்கள்.

தமிழ் மிஸ்ஸை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன், அய்யலூர் சந்தையில். கோயில் கிடாவுக்காகப் போயிருந்தேன், அவர் தம்பியோடு வந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. சாணார்பட்டிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் வேலை என்றார்.

"அங்க என்ன மிஸ் நடத்துறீங்க?"

"ஒண்ணாங்கிளாஸ் சார். அ, ஆ. அதுல எவனும் ஐடியா எடுக்க முடியாது."

பழைய சிரிப்பு கொஞ்சம் வந்தது. அடுத்த புத்தகம் எழுதுங்கள் என்றேன். எங்கள் முன்னால் ஒரு லாரியில் ஆடுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு, நீலம், பச்சை. ஆடுகள் ஒன்றோடொன்று முகத்தை உரசிக்கொண்டு நின்றன. ஒன்றின் முதுகுச் சாயம் இன்னொன்றின் வயிற்றில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "இல்ல சார். எழுத மாட்டேன். மண்டைக்குள்ள இதைவிட மோசமாவும் வச்சிருக்கேன். வெளிய விட்டா செஞ்சிருவாங்க." தம்பி கூப்பிட்டதும் போய்விட்டார்.

என் தங்கச்சி மகள் இப்போது அதே பள்ளியில் பிளஸ் ஒன். சேர்க்காதே என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். "நீ வேலை போன கடுப்புல பேசுறண்ணே" என்றாள் தங்கச்சி. போன வாரம் அந்தப் பிள்ளை பள்ளிச் சீருடையிலேயே கடைக்கு வந்தது. கழுத்தில் நீலம், அதன் ஓரத்தில் ஒரு தங்கக் கோடு. அன்றைக்குப் பெற்றோர் கூட்டத்தில் அந்த அம்மா கேட்ட மேல் நிறம். ஆணியைப் பார்த்து, "மாமா, இது என்ன, கிரே டேக்கெல்லாம் வச்சிருக்கீங்க?" என்றது. புத்தகம் வந்த நாளில் மிஸ் எனக்குக் கொடுத்திருந்த பிரதியை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூன்று நாளில் படித்துவிட்டுத் திருப்பிக் கொண்டு வந்தது.

"மாமா, எங்க ஸ்கூல அப்படியே எழுதியிருக்காங்க. யாரு, பழைய மிஸ்ஸா?"

"புத்தகம் மொதல்ல வந்துச்சு. ஸ்கூலு அப்புறம்தான் அப்படி ஆச்சு."

"சும்மா சொல்லாதீங்க மாமா!" சிரித்தது. "நல்லாத்தான் இருக்கு. எல்லாம் ரியலா இருக்கு. கடைசில மட்டும்தான் சொதப்பிட்டாங்க."

"என்னத்த சொதப்பிட்டாங்க?"

"நீலமும் அவுத்துருதாம்ல. எவன் மாமா அவுப்பான்? அது மட்டும் நம்புற மாதிரி இல்ல."

சொல்லிவிட்டு, டீ சிந்திவிடக் கூடாது என்று தன் டேக்கை எடுத்துச் சட்டைப் பைக்குள் பத்திரமாக விட்டுக்கொண்டு நான் நீட்டிய டம்ளரை வாங்கியது. நான் ஆணியைப் பார்த்தேன். வாசலில் ஒருவர் பந்து கேட்டு நின்றார். எந்த அளவு வேண்டும் என்று கேட்டேன். கல்லாவைத் திறக்கும்போது அவரும் மேலே பார்த்துவிட்டு, "என்ன சார், சாமி கயிறா?" என்றார்.

அன்றைக்கு நான் ஆமாம் என்று சொல்லவில்லை.